கவனக்குறைவு என்னும் சொல்

முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி மூன்று வாரமாக வகுப்புக்கு வரவில்லை. திரும்பி வந்த அன்று, மாலையில் துறை அறை வாசலில் தயங்கி நின்றாள். கையில் மடித்த தாள் ஒன்று இருந்தது.

"மேம், இதைக் கொஞ்சம் படிச்சுப் பாக்குறீங்களா? ஆஸ்பத்திரியில வச்சு அம்மாகிட்ட கையெழுத்து வாங்கிட்டாங்க. எங்ககிட்ட ஜெராக்ஸ்தான் இருக்கு."

அவளுடைய அம்மா நகருக்கு வெளியே ஒரு குடோனில் பேக்கிங் வேலை செய்பவர். ஒப்பந்தக்காரர் மூலம் கிடைத்த வேலை, தினக்கூலி. அட்டைப்பெட்டி அடுக்கிய பேலட்டைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாக வந்த ஃபோர்க்லிஃப்ட்டின் சக்கரம் அவருடைய வலது பாதத்தில் ஏறியிருக்கிறது. கட்டைவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. தாளில் இரண்டே வாக்கியங்கள் இருந்தன. 'நான் கவனக்குறைவாக வண்டி வரும் பாதையில் நடந்து வந்ததால் எனது காலில் அடிபட்டுவிட்டது. இதற்கு நிர்வாகமோ ஓட்டுநரோ பொறுப்பல்ல.' கீழே அம்மாவின் நடுங்கிய கையெழுத்து.

தமிழ் சொல்லிக்கொடுப்பவளுக்கு எந்த வாக்கியத்தைக் கண்டாலும் எழுவாய் எங்கே என்று தேடும் பழக்கம் போகாது. 'நான்' என்று தொடங்கும் இந்த வாக்கியத்தை அந்த 'நான்' எழுதவில்லை. நடந்து வந்தவர் அவர், கவனம் குறைந்தவர் அவர், அடிபட்டது அவருடைய கால். நான்கு டன் எடையுள்ள வண்டியோ பாதைக்கு அடைமொழியாக மட்டும் வருகிறது. அது எதையும் செய்யவில்லை.

நம் பேச்சிலும் இப்படித்தான். 'மில்லுல கை போச்சு' என்கிறோம். 'முந்தானை மாட்டிக்கிச்சு' என்கிறோம். போனது கை, மாட்டியது முந்தானை. கையை எடுத்த இயந்திரம் இந்த வாக்கியங்களில் எழுவாயாக வருவதேயில்லை. அந்த இயந்திரத்துக்குத் தடுப்பு போடாதவர் எழுவாய்க்குப் பக்கத்தில்கூட வருவதில்லை. இது இலக்கணத்தில் தற்செயலாக நேர்ந்தது என்று நான் நினைக்கவில்லை. 'கவனக்குறைவு' என்ற சொல்லுக்குப் பின்னால் ஏறத்தாழ இருநூறு ஆண்டு வழக்கு இருக்கிறது. அந்த வழக்கின் நடுவில் பெண்ணின் உடையும் தலைமுடியும் நடையும் இருக்கின்றன.

மேலே சுழன்ற தண்டு

வழக்கு தொடங்கியது இங்கிலாந்தின் பஞ்சாலைகளில். அந்தக் காலத்து ஆலையில் ஒவ்வொரு தறிக்கும் தனி மோட்டார் கிடையாது. நீராவி இயந்திரம் ஒன்றுதான். அதன் விசை நீண்ட இரும்புத் தண்டுகள் வழியாகக் கூரையடியிலும் சுவரோரமும் ஓடி, தோல் பெல்ட்டுகளால் ஒவ்வொரு தறிக்கும் இறங்கும். நம் ஊர் மில்களிலும் இவற்றை ஷாஃப்ட் என்றே சொன்னார்கள். அந்த ஷாஃப்ட் வழவழப்பாகச் சுழல்வதால், நிற்பதுபோலவே கண்ணுக்குத் தெரியும். பாவாடை நுனியோ ஏப்ரன் நாடாவோ பட்டால் துணியைச் சுருட்டிக்கொள்ளும். துணியோடு ஆளையும் சுருட்டிக் கூரைக்கும் தண்டுக்கும் இடையில் அடிக்கும். 'நிறுத்து' என்று கத்தினாலும் பயனில்லை. இயந்திரத்தை நிறுத்துபவர் வேறு கட்டிடத்தில் இருப்பார்.

1840இல் ஸ்டாக்போர்ட்டில் எலிசபெத் காட்டரெல் என்ற பதினேழு வயதுப் பெண் இப்படி ஷாஃப்ட்டில் சிக்கி ஊனமானாள். ஆஷ்லி பிரபு அவளுக்காக வழக்கு நடத்தி 100 பவுன் இழப்பீடு வாங்கிக் கொடுத்தார். தடுப்பு போடாத முதலாளி பொறுப்பேற்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு நீதிமன்றத்தில் கிடைத்த தொடக்க வெற்றிகளில் அது ஒன்று. 1844ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், இயந்திர விசையைக் கடத்தும் பாகங்களுக்குத் தடுப்பு போட வேண்டும் என்றது. எச்சரித்த பிறகும் தடுப்பு போடாமல் விட்டு யாருக்காவது அடிபட்டால் அபராதம் விதிக்கலாம் என்றது. அந்த அபராதத் தொகையை அடிபட்டவருக்கே கொடுக்கவும் வழி செய்தது.

இதே சட்டம் இன்னொன்றும் செய்தது. வயதுவந்த பெண்களை 'இளையோர்' என்ற பட்டியலில் சேர்த்தது. பதின்மூன்று வயது தாண்டிய பிள்ளைக்கு என்ன விதியோ, மூன்று பிள்ளை பெற்ற நாற்பது வயதுப் பெண்ணுக்கும் அதே விதி. அதனால் வேலை நேரம் குறைந்தது. அந்தப் பெண்களுக்கு அது உண்மையான நிம்மதி, மறுக்க முடியாது. ஆனால் சட்டத்தின் கண்ணில் பெண் என்பவள் வளராத ஆள் என்ற முத்திரையும் அன்று விழுந்தது. அந்த முத்திரை எவ்வளவு தூரம் பயணம் செய்தது என்பதைப் பிறகு பார்ப்போம்.

ஹாரியட் மார்ட்டினோ எழுதிய பிரசுரம்

சட்டம் வந்தும் கூரையடி ஷாஃப்ட்டுகள் பெரும்பாலும் திறந்தே கிடந்தன. ஏழு அடிக்கு மேலே இருக்கும் தண்டை யார் தொடப்போகிறார்கள் என்பது முதலாளிகளின் வாதம். ஏணி வைத்து ஏறிக் கழன்ற பெல்ட்டை மாட்டுபவர்கள் தொட்டார்கள், செத்தார்கள். 1854இல் தொழிற்சாலை ஆய்வாளர்கள், எந்த உயரத்தில் இருந்தாலும் தடுப்பு வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார்கள். அடுத்த ஆண்டே முதலாளிகள் மான்செஸ்டரில் சங்கம் அமைத்துப் பணம் திரட்டினார்கள். சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய 'ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்' இதழில் ஹென்றி மார்லி ஆலைச் சாவுகளைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். தொழிலாளர்களை நசுக்குவதற்கான சங்கம் என்று அந்த இதழ் முதலாளிகளைக் கேலி செய்தது.

இதற்கு மறுப்பாக 1855இல் ஒரு பிரசுரம் வந்தது. முதலாளிகள் சங்கமே அதை வெளியிட்டது. எழுதியவர் ஹாரியட் மார்ட்டினோ.

இந்தப் பெயரை முதன்முதலில் இந்த இடத்தில் பார்த்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை. சமூகவியலின் முன்னோடிப் பெண் என்று நாம் கொண்டாடுபவர் மார்ட்டினோ. அமெரிக்கா போய் வந்து 1837இல் எழுதிய நூலில், பெண்கள் அரசியலில் இல்லாத ஆட்களாக வைக்கப்பட்டிருப்பதைப் பற்றித் தனி அத்தியாயமே எழுதினார். அடிமை முறையை எதிர்த்தார். இங்கிலாந்தில் லட்சக்கணக்கான பெண்கள் உழைத்தே வாழ்கிறார்கள், அதை நாடு ஒப்புக்கொள்ள வேண்டும் என்று 1859இல் பெண்களின் தொழில் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். அதே கைதான், ஆலைக்குத் தடுப்பு போடச் சொல்லிச் சட்டம் தலையிடக் கூடாது என்றும் எழுதியது. ஷாஃப்ட்டால் சாகிறவர்கள் மொத்தத் தொழிலாளர்களில் மிகச் சிலர், விபத்துகளில் பலவற்றுக்குத் தொழிலாளியின் சொந்த நடத்தையே காரணம், டிக்கன்ஸ் கூட்டம் மிகைப்படுத்துகிறது என்பவை அவருடைய வாதங்கள்.

ஏன் இப்படி எழுதினார்? முதலாளிகளிடம் விலைபோனார் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. நான் அப்படி நினைக்கவில்லை. மார்ட்டினோவுக்கு இளம் வயதிலேயே காது கேட்காமல் போயிற்று. ஊதுகுழல் போன்ற ஒரு கருவியைக் காதில் வைத்துக்கொண்டுதான் உலகோடு பேசினார். குடும்பத் தொழில் நொடித்தபோது ஊசியாலும் பேனாவாலும் பிழைத்தார். காது கேளாதவர்கள் பிறர் இரக்கத்தை எதிர்பாராமல் தம் சுமையைத் தாமே ஏற்க வேண்டும் என்று 1834இல் எழுதியிருக்கிறார். தன் உடலைத் தானே பார்த்துக்கொண்டு மேலே வந்தவர் அவர். எல்லோரும் அப்படிச் செய்யலாம் என்று நம்பிவிட்டார். வீட்டு மேசையில் உட்கார்ந்து எழுதும் பெண்ணின் கவனம் அவளுடைய கையில் இருக்கிறது. நாளெல்லாம் நின்று, பஞ்சுத் தூசியில் மூச்சு வாங்கி, கூலி வெட்டுக்குப் பயந்து ஓடும் பெண்ணின் கவனத்தை ஏற்கெனவே தறி வாங்கிக்கொண்டது. இந்த வேறுபாடு அவருக்குத் தெரியவில்லை.

படித்த, நடுத்தர வர்க்கப் பெண்ணியத்துக்குள் இந்த இடறல் அன்றோடு முடியவில்லை. தன் முயற்சியால் படித்து மேலே வந்த நம்மில் பலர், வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் கை வெந்தால் 'பாத்துச் செய்யக் கூடாதா' என்றுதான் முதலில் கேட்கிறோம். நானும் கேட்டிருக்கிறேன்.

1856இல் முதலாளிகள் வென்றார்கள். புதிய சட்டம் தடுப்பைச் சுருக்கியது. பெண்களும் சிறுவர்களும் இளையோரும் வழக்கமான வேலையின்போது உரசக்கூடிய பகுதிகளுக்கு மட்டும் தடுப்பு போதும் என்றது. ஏணியேறி பெல்ட் மாட்டிய ஆண் தொழிலாளி தடுப்புக்கு வெளியே தள்ளப்பட்டார். பெண்ணைக் காப்பதாகச் சொல்லி எழுதிய வரி, எல்லோருக்குமான பாதுகாப்பைக் குறைக்கும் வரியாயிற்று.

கூந்தல்

ஃபோர்க்லிஃப்ட் பிறந்தது இதற்கெல்லாம் வெகு பின்னால். 1917இல் அமெரிக்காவின் கிளார்க் நிறுவனம் தன் தொழிற்சாலைக்குள் சரக்கு நகர்த்தச் செய்த வண்டியை அதன் மூதாதை என்பார்கள். இரண்டாம் உலகப் போரில் அது எங்கும் பரவியது. ஆண்கள் போர்முனைக்குப் போனதால் அமெரிக்கக் கிடங்குகளில் பெண்கள் அதை ஓட்டினார்கள். பெண்ணுடலால் ஓட்ட முடியாத வண்டி அல்ல அது என்பதற்கு அந்த ஆண்டுகளே சாட்சி. போர் முடிந்ததும் பெண்கள் இறக்கிவிடப்பட்டார்கள்.

அதே ஆண்டுகளில்தான் வெரோனிகா லேக் என்ற நடிகையின் கூந்தல் அரசுப் பிரச்சினையாயிற்று. ஒரு கண்ணை மறைத்து வழியும் அவருடைய தலையலங்காரத்தை ஆயுதத் தொழிற்சாலைப் பெண்கள் பின்பற்றினார்கள், முடி இயந்திரத்தில் சிக்கியது. 1943இல் அவர் கூந்தலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பிரச்சாரப் படத்தில் தோன்றினார். முடியைக் கட்டுவது நல்லதுதான், நானும் கட்டச் சொல்வேன். ஆனால் நாடு முழுக்கத் திரையிட்டுக் காட்டிய பாடத்தில் குற்றவாளிக் கூண்டில் நின்றது ஒரு பெண்ணின் அழகு. மூடியில்லாத சுழலும் பாகத்தை நடிக்க வைத்து யாரும் படம் எடுக்கவில்லை.

நம் சட்டத்துக்குள் வந்த வரி

இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் வந்தது. இயந்திரத் தடுப்பும் குழந்தைகளின் வேலை நேரமும் அதில் இருந்தன. பெண்களுக்குப் பதினொரு மணி நேர வரம்பு 1891இல் வந்தது. சுதந்திர இந்தியா 1948இல் தன் சொந்தத் தொழிற்சாலைகள் சட்டத்தை எழுதியது. 2025 வரை நடப்பில் இருந்த அதன் 21ஆம் பிரிவு, ஆபத்தான பாகங்களுக்கு உறுதியான தடுப்பு வேண்டும் என்றது. பால் பார்க்காமல் எல்லோருக்கும் பொதுவாக எழுதிய நல்ல பிரிவு அது. அடுத்த பிரிவைத்தான் மாணவிகளோடு உட்கார்ந்து மெதுவாகப் படிக்க வேண்டும்.

ஓடும் இயந்திரத்தைச் சோதிக்க வேண்டிவந்தால், அதைத் தனிப் பயிற்சி பெற்ற வயதுவந்த ஆண் தொழிலாளிதான் செய்ய வேண்டும். அவர் உடலோடு ஒட்டிய இறுக்கமான உடை அணிந்திருக்க வேண்டும். அந்த உடையை நிர்வாகம் கொடுக்க வேண்டும். இது 22ஆம் பிரிவின் முதல் பகுதியாக இருந்தது. பெண்ணோ இளம் ஆளோ, ஓடும் விசை இயந்திரத்தைத் துடைக்கவோ எண்ணெய் போடவோ சரிசெய்யவோ அனுமதிக்கக் கூடாது என்பது இரண்டாம் பகுதியாக இருந்தது.

முதலில் கண்ணில் படுவது 'பெண் அல்லது இளம் ஆள்' என்ற சேர்க்கை. 1844இல் இங்கிலாந்தில் விழுந்த முத்திரை நூறாண்டு கழித்து நம் சட்டத்தில் அப்படியே வந்து உட்கார்ந்தது. இன்னொன்று உடை. தொளதொள உடைதான் ஆபத்து என்று சட்டத்துக்குத் தெரிந்திருந்தது. அதற்கு மாற்றை முதலாளி தன் செலவில் தர வேண்டும் என்றும் தெரிந்திருந்தது. ஆனால் அந்த அறிவு ஆணுக்கு உடையாக வந்தது, பெண்ணுக்குத் தடையாக வந்தது. புடவை கட்டியவளுக்கு மாற்றுடை கொடுத்துப் பயிற்சி கொடுக்கலாம் என்று எழுதவில்லை. இயந்திரத்திலிருந்து அவளை விலக்கியது. விலக்கியதால் இயந்திரத்தை அறிந்தவர் என்ற பெயரும் அதற்கான கூடுதல் கூலியும் ஆணுக்குப் போயின.

ஆனால் பெண் இயந்திரத்தின் பக்கத்திலிருந்து விலகவில்லையே! கூட்டினாள், சுமந்தாள், பொறுக்கினாள், அடுக்கினாள். தொட உரிமையில்லாத இயந்திரத்தைச் சுற்றியே அவள் வேலை இருந்தது. என் மாணவியின் அம்மா வேலை செய்த குடோனும் இதே அமைப்புதான். வண்டி ஓட்டுபவர்கள் ஆண்கள். பேக்கிங், ஸ்டிக்கர் ஒட்டுதல், பெருக்குதல் எல்லாம் பெண்கள். வண்டியைப் பற்றி ஒரு நாள்கூட அவர்களுக்கு யாரும் விளக்கியதில்லை.

விளக்க நிறைய இருக்கிறது. இரண்டரை டன் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட், முன்னால் இருக்கும் சுமைக்கு ஈடுகட்டப் பின்னால் இரும்புக் கனம் வைத்திருப்பதால், ஏறக்குறைய நான்கு டன் இருக்கும். திரும்புவது அதன் பின்சக்கரங்கள். அதனால் மூக்கு சற்றே திரும்பும்போது வால் அகலமாக வீசும். கார் திரும்புவதைப் பார்த்துப் பழகிய கண் இதைத் தப்பாகக் கணிக்கும். சரக்கு உயரமானால் ஓட்டுநருக்கு முன்னே தெரியாது, அதனால் பின்பக்கமாக ஓட்ட வேண்டும் என்பது பயிற்சியிலேயே சொல்லும் விதி. அப்படியானால் ஆட்கள் நடக்க வேறு பாதை வேண்டும். கோடு போட்டால் மட்டும் போதாது, இடையில் கம்பித் தடுப்பு வேண்டும். திருப்பங்களில் கண்ணாடி வேண்டும், பின்னே வரும்போது ஒலிக்கும் ஹாரன் வேண்டும். அந்தக் குடோனில் இருந்தது சுவரில் ஒட்டிய ஒரு தாள். 'கவனம்!' என்று எழுதியிருந்ததாம். தடுப்பு போடச் செலவாகும். கவனம் இலவசம். அதைத் தொழிலாளியே வீட்டிலிருந்து கொண்டுவந்துவிட வேண்டும்.

கட்டைவிரலின் விலை

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923இல் வந்தது. ஆங்கிலத்தில் அதன் பெயரில் இருந்தவர் 'வேலை செய்யும் ஆண்'. 2010இல்தான் அந்தப் பெயர் மாறி, ஆண் பெண் இருவருக்கும் பொதுவான 'பணியாளர்' வந்தார். எண்பத்தாறு ஆண்டுகள் நம் கை கால்களுக்கான இழப்பீட்டை ஆணின் பெயரில்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இருந்தாலும் அந்தச் சட்டத்தில் மாணவிகள் மனப்பாடம் செய்ய வேண்டிய ஒன்று இருந்தது. வேலையின்போது வேலையின் காரணமாக அடிபட்டால் இழப்பீடு உண்டு. முதலாளி தப்பிக்க வேண்டுமானால், தொழிலாளி குடித்திருந்தார் என்றோ, பாதுகாப்புக்கான உத்தரவை வேண்டுமென்றே மீறினார் என்றோ, பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே அகற்றினார் என்றோ காட்ட வேண்டும். சாதாரணக் கவனக்குறைவு அந்தப் பட்டியலில் இல்லை. 1855இல் மார்ட்டினோ முன்வைத்த வாதத்தை 1923ஆம் ஆண்டின் சட்டம் ஏற்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கையெழுத்து வாங்குபவர்கள் இன்னும் 1855இல்தான் இருக்கிறார்கள். அந்தச் சொல் சட்டத்தில் செல்லாவிட்டாலும் அடிபட்டவரைக் கூசவைத்து வாயடைக்க அது போதும்.

சட்டத்தின் அட்டவணை உறுப்புகளுக்கு விழுக்காடு போட்டது. கைக் கட்டைவிரல் முழுதும் போனால் 30, ஆள்காட்டி விரல் 14, மோதிர விரலோ சுண்டு விரலோ 7. காலின் கட்டைவிரல் 14. இவை சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பின் அளவு. சம்பாதிப்பது என்றால் கூலி. கூலிக்கு முன்னும் பின்னும் அந்தக் காலில் நின்று செய்த வேலை இந்தக் கணக்கில் எங்கும் இல்லை. லதா வாத்வா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001இல், ஜாம்ஷெட்பூர் தீ விபத்தில் இறந்த இல்லத்தரசிகளின் வீட்டுழைப்புக்கு மாதம் 3,000 ரூபாய் என மதிப்புப் போட்டது. தொகை சிறிது என்றாலும் ஒரு கதவு திறந்தது. இழப்பீட்டு அட்டவணைக்குள் அந்தக் காற்று வரவில்லை.

அம்மாவைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தால் உடம்பு ஒரு பக்கம் சாய்கிறது என்றார். பெருவிரல் ஊன்றாமல் படியேற முடியவில்லை. "குத்தவச்சு உக்காந்து எந்திரிக்கிறதுதான் டீச்சர் பெரும்பாடு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நானும் கொஞ்சம் பாத்து வந்திருக்கணும்."

"ஹாரன் அடிச்சாங்களாக்கா?" என்று கேட்டேன்.

"அந்த வண்டிக்கு ஹாரன் வேலை செய்யாதே. எல்லாருக்கும் தெரியும்."

அன்று மாலை நாங்கள் மூவரும் உட்கார்ந்து தொழிலாளர் துறைக்கு மனு எழுதினோம். மாணவி எழுதினாள், அம்மா சொன்னார், நான் இடையில் புகாமல் இருக்கப் பாடுபட்டேன். முதல் வரியை அவள் இரண்டு முறை அடித்துத் திருத்தினாள். மூன்றாம் முறை இப்படி அமைந்தது: 'ஹாரன் வேலை செய்யாத ஃபோர்க்லிஃப்ட்டை, ஆட்கள் நடக்கத் தனிப் பாதை இல்லாத குடோனில், நிர்வாகம் ஓட்டச் சொன்னது. அந்த வண்டி என் வலது பாதத்தின் மீது ஏறியது.'

அம்மா அதை ஒருமுறை வாய்விட்டு வாசிக்கச் சொன்னார். கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மனு இன்னும் விசாரணையில் இருக்கிறது.